ஒரே கூரை, இரண்டு பாய்: தம்பதியர் ஏன் தனித்துத் தூங்குகிறார்கள்?

ரிவர்ஸ்டனில் வானை விட்டு இறங்கியபோது மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையில் வளைவுக்கு வளைவு காற்று கூடிக்கொண்டே வந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மாத்தளைப் பக்கம் இது. காற்றுக்குப் பெயர்போன இடம். பக்கத்தில் நிற்பவருடன் பேசவும் கத்த வேண்டியிருக்கும். எல்லோரும் சால்வையைத் தேடிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பிள்ளை, இன்னொரு பாய் கிடைக்குமோ எண்டு அந்தத் தம்பியிட்டக் கேள்."

"ஏனம்மா, உங்கட அறையில பெரிய கட்டில்தானே கிடக்கு?"

"நீ கேளன் முதல்."

விடுதிப் பையனுக்குத் தமிழ் தெரியாது. பாய்க்குச் சிங்களச் சொல் எனக்கு அந்த நேரம் வரவில்லை. கையால் சுருட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். அவன் ஒரு மெல்லிய மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

அன்றிரவு ஒன்றரை மணியளவில் பலகைச் சுவருக்கு அப்பால் அப்பா கத்தினார். சொல் ஏதும் இல்லாத கத்தல். பிறகு அம்மாவின் குரல் கேட்டது. பதற்றமில்லாத குரல், அறையின் மறுமுனையிலிருந்து: "இஞ்சாருங்கோ, ரிவர்ஸ்டனில நிக்கிறம். மகளோட வந்தனாங்கள். ஒண்டுமில்லை, படுங்கோ."

எனக்கு விளங்கிவிட்டது, அம்மா இதை முதல் தடவையாகச் செய்யவில்லை என்று.

காலையில் தேத்தண்ணியோடு வெளியே வந்து உட்கார்ந்தபோதுதான் சொன்னார். பத்து வருடங்களுக்கு மேலாக இருவரும் ஒரே அறையில் படுப்பதில்லை. "ஒருக்கா நித்திரையில கை வீசினதில என்ர முன்பல்லு ஆடிப்போச்சு. விடிய எழும்பி அதைப் பாத்திட்டு அண்டைக்கு முழுக்க அவர் சாப்பிடேல்லை. அதுக்குப் பிறகு நான்தான் பாயைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனன்." யாராவது உறவுக்காரர் வந்தால் தலையணை திரும்ப அப்பாவின் கட்டிலுக்குப் போய்விடும். நான் லீவில் வந்தாலும் அதேதான். ஆகவே, எனக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் என் கல்யாணத்துக்கு முதல் நாள் இதே அம்மா எனக்குச் சொன்ன புத்தி: "என்ன சண்டை எண்டாலும் புருசன்ர பக்கத்திலதான் படுக்கோணும். தனியப் படுத்தா வீடு ரெண்டாப் போயிடும்."

அம்மாவின் வாழ்க்கை ஒன்றாகவும் அவர் சொல்லும் புத்தி வேறொன்றாகவும் இருந்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வீட்டில் மட்டும் இப்படியென்று நான் நம்பவில்லை.

மேற்கு ஊடகங்களில் இதற்கு இப்போது ஒரு பெயர் உண்டு: 'தூக்க விவாகரத்து'. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2023இல் நடத்திய கருத்துக்கணிப்பில், அமெரிக்கர்களில் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் துணைக்கு இடம் விட்டு எப்போதாவது அல்லது தொடர்ந்து வேறு அறையில் தூங்குவதாகச் சொல்லியிருந்தனர். அதன் பிறகு பிரபலங்களின் பேட்டி, படுக்கையறை அலங்காரக் குறிப்பு என்று பல கட்டுரைகள் வந்துவிட்டன. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மா யாரையும் விவாகரத்துச் செய்யவில்லை. பாயை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார், அவ்வளவுதான்.

கணவனும் மனைவியும் இரவு முழுவதும் ஒரே கட்டிலில் கிடக்க வேண்டும் என்பது நாம் நினைக்குமளவு பழைய வழக்கமுமல்ல. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் தலைவாசலும் திண்ணையும் ஆண்களுக்குரியவை. ஐயாமார் அங்கே சாய்ந்துகொள்வார்கள். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. அதை யாரும் குடும்பப் பிளவாகப் பார்த்ததில்லை. ஜப்பானில் தாயும் தந்தையும் பிள்ளையை நடுவில் போட்டுப் படுப்பதை 'ஆற்றெழுத்து' என்பார்கள். ஆற்றைக் குறிக்கும் அந்த எழுத்து மூன்று கோடுகளாக இருப்பதால். இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிலாரி ஹைன்ட்ஸ் இரட்டைக் கட்டில்களின் வரலாற்றை 2019இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1950கள் வரை அங்கே வசதியான தம்பதியர் இரண்டு தனிக் கட்டில்களில் தூங்குவது சுகாதாரமானது என்றும் நாகரிகமானது என்றும் கருதப்பட்டது. பிறகு காலம் மாறியது. தனிக் கட்டில் என்றால் ஏதோ கோளாறு என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் சினிமாவோடும் சீதனக் கட்டிலோடும் நம்மிடமும் வந்து சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

காம்பராவும் இஸ்தோப்பும்

நாங்கள் ரிவர்ஸ்டனுக்குப் போனது சுற்றுலாவுக்காக மட்டுமல்ல. அப்பா பிறந்தது இந்த மலையின் அடிவாரத் தோட்டம் ஒன்றில். பெயரை எழுத வேண்டாம் என்றார். 1977 ஓகஸ்டில், தேர்தலுக்குப் பிந்திய வன்முறையில் மலையகத் தோட்டங்கள் பலவும் தாக்கப்பட்டன. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அந்த வருடமும் அடுத்தடுத்த வருடங்களிலும் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் அப்பப்பா குடும்பமும் ஒன்று. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அப்படி வந்தவர்களைக் குடியேற்ற உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அப்பா அந்தப் பெயரை இன்றும் மரியாதையாகத்தான் சொல்வார். அதன் பிறகு ஊர் பார்க்க அவர் திரும்பவேயில்லை, இந்த முறை வரை.

லயம் நின்றது. தகரம் மாற்றியிருந்தார்கள், சுவர் பழையதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் சமைக்க ஒரு ஒடுக்கம். வெள்ளைக்காரன் கோப்பிக் காலத்தில் போட்ட அளவு. அதற்குள் தாத்தா, பாட்டி, தகப்பன், தாய், ஐந்து பிள்ளைகள்.

"எங்க தாத்தாவும் அப்பாவும் இஸ்தோப்புலதான் படுப்பாங்க" என்றார் அப்பா. மலையேறியதும் அவர் பேச்சு மாறிவிடும். "அக்கா பெரிய மனுஷி ஆனதுக்கு அப்புறம் நானும் வெளியதான். மழைக்குச் சாக்கு கட்டிக்குவோம். அம்மாவும் அப்பாவும் ஒண்ணாப் படுத்து நான் பார்த்ததே இல்ல."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால், யோசித்துப் பாருங்கள். தனித்துத் தூங்குவதா சேர்ந்து தூங்குவதா என்பது ஒரு தெரிவு என்றால், தெரிவு செய்ய இடம் வேண்டும். லயத்துத் தம்பதியருக்குச் சேர்ந்திருக்கவும் இடமில்லை, தனித்திருக்கவும் இடமில்லை. ஒரு சேலையைக் குறுக்கே கட்டுவதே அவர்களுடைய அறை. மலையகத்தில் இந்தியாவின் உதவியோடும் அரச திட்டங்களிலும் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் கட்டப்படும்போது அதில் இரண்டு படுக்கையறை இருப்பதைச் சிறிய விடயமாக எடுக்கக்கூடாது. இன்றும் லயத்தில் இருப்பவர்களின் தொகை குறைவல்ல.

பங்கர், கூடாரம், பிறகு ஒரு வீடு

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. 2008 இறுதியிலிருந்து 2009 மே வரை நாங்கள் எங்கே படுத்தோம் என்று இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பங்கருக்குள் குந்தியபடி தூங்கியதுதான் அதிகம். அப்பாவும் அம்மாவும் எங்கள் இருவருக்கும் மேலே கவிழ்ந்து கிடந்தார்கள். தூக்கம் என்பது அப்போது காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடுவது. அதன் பிறகு வவுனியா முகாம்கள். 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த காலம். பெரும்பாலானோர் செட்டிக்குளம் மெனிக் பாமில். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று வலயங்களுக்குத் தமிழ்ப் பெரியோரின் பெயர்களை வைத்திருந்தார்கள். எங்கள் கூடாரத்தில் மூன்று குடும்பங்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் பைகள்.

வீடு வந்தது இந்திய வீட்டுத் திட்டத்தில். 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் ஒன்று; வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், நாங்களே நின்று கட்ட வேண்டும். இரண்டு அறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, மற்றது எனக்கும் தம்பிக்கும். ஊடகக் கற்கைகள் படிக்க நான் யாழ்ப்பாணம் போனேன், தம்பி வேலைக்காகக் கொழும்பு போனான். ஒரு அறை காலியானது. அம்மா பாயை எடுத்துக்கொண்டு போனது அந்த அறைக்குத்தான். அதாவது, கத்தல் 2009இலிருந்து இருந்தது. தள்ளிப் படுக்க ஓர் இடம் கிடைத்தது பிந்தித்தான். இடைப்பட்ட வருடங்களில் அம்மா தூங்கவே இல்லை என்பதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்த பெண்களில் பலர் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர். கட்டிலின் மறுபாதி ஏன் காலியாக இருக்கிறது என்று அரசு இன்னும் பதில் சொல்லாதவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பே கேலிபோலத் தோன்றலாம். அதை உணர்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நித்திரையில் என்ன நடக்கிறது

தூக்கம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக, இலேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், பிறகு கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வரும். இரவின் முற்பாதியில் ஆழ்ந்த தூக்கம் கூட, விடியற்பக்கம் கனவுத் தூக்கம் கூட. கனவுத் தூக்கத்தில் கண் மட்டும் அசையும். கை கால் தசைகளை மூளை தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து வைத்திருக்கும். கனவில் ஓடினாலும் நாம் கட்டிலை விட்டு ஓடாமல் இருப்பது அதனால்தான்.

போர் வடுப்பட்டவர்களிடம் இந்த ஒழுங்கு குழம்புகிறது. உடல் இன்னும் காவலில் நிற்கிறது. சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு. விழித்தால் திரும்பத் தூங்க முடியாது. தூங்கினால் அதே கனவு. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' நூலிலும் அதற்கு முந்திய ஆய்வுகளிலும் இந்த நிலையைப் பதிவு செய்திருக்கிறார். 'மனவடு' என்ற சொல் நம் மத்தியில் பரவியதற்கும் அவருடைய எழுத்து ஒரு காரணம். அவருடைய பிற்கால எழுத்துகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த வடு தனி ஆளில் நிற்பதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் பரவுகிறது என்பது. ஒருவரின் கெட்ட கனவில் இரண்டு பேர் விழிக்கிறார்கள் என்பது அதற்கு மிக எளிய உதாரணம்.

இரண்டு பேர் விழித்தால் பகலில் என்ன ஆகும்? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எமி கோர்டனும் செரீனா சென்னும் தம்பதியரை வைத்துச் செய்த ஆய்வில், இருவரில் ஒருவர் சரியாகத் தூங்காவிட்டாலும் அடுத்த நாள் சச்சரவைத் தீர்ப்பது இருவருக்குமே கடினமாகிறது என்று கண்டார்கள். மற்றவரின் மனநிலையைச் சரியாகக் கணிக்கும் திறனும் குறைகிறது. 'என்னத்துக்கு இந்த மனுசன் காலங்காத்தால எரிஞ்சு விழுறார்' என்று நம் வீடுகளில் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை முந்தின இரவில் இருக்கலாம்.

ஆனால், மறுபக்கமும் உண்டு. ஜேர்மனியில் ஹென்னிங் ட்ரூஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து தூங்கியபோது கை கால் அசைவு கூடினாலும் கனவுத் தூக்கம் தடைப்படாமல் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால், அதில் இருந்தவை 12 ஜோடிகள்தான். எல்லோரும் இளம் வயது, எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர் எவரும் அதில் இல்லை. ஆக, சேர்ந்து தூங்குவது நல்லதா என்ற கேள்விக்கு, யாருக்கு, எந்தக் கட்டிலில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் போரின் தலையில் போடலாமா?

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். நான் போரைப் பற்றிச் சொல்லத் தயாராகப் போனேன். அவர் அதைக் கேட்டுவிட்டு முற்றிலும் வேறு கேள்விகளைக் கேட்டார். குறட்டை விடுகிறாரா? இடையில் மூச்சு நின்று திணறி எழும்புகிறாரா? கத்துவது இரவில் எத்தனை மணிக்கு? விழித்ததும் கனவு நினைவிருக்கிறதா? சாராயம் எடுக்கிறாரா? அம்மாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பத்தடி தள்ளிப் படுத்தவருக்கு அவ்வளவும் தெரிந்திருந்தது.

அந்தக் கேள்விகளின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவது தனி நோய். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை பதறி எழுப்பும். இதைக் கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரலாம். முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் அதுவே முக்கிய சிகிச்சை. மனைவி வேறு அறைக்குப் போய்விட்டால் அவருக்குத் தூக்கம் கிடைக்கும், ஆனால் கணவரின் மூச்சு நிற்பதைக் கவனிக்க ஆளிருக்காது. தனித்துத் தூங்குவதில் உள்ள உண்மையான ஆபத்துகளில் இதுவும் ஒன்று. இதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

இன்னொன்று, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் அதிகம் காணப்படுவது. கனவுத் தூக்கத்தில் தசைகளுக்கு இருக்க வேண்டிய அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். கனவில் அடிப்பவர் நிசமாகவே அடிப்பார், உதைப்பார், கத்துவார். அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மாஹோவால்ட் என்ற மருத்துவர்கள் 1986இல் இதை முதலில் விவரித்தார்கள். பலருக்கு இது வருடங்கள் கழித்து வரப்போகும் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக இருப்பது பின்னர் தெரியவந்தது. போர் வடுவின் கெட்ட கனவும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். "சண்டையில பட்ட மனுசன், அப்பிடித்தான் கத்துவார்" என்று பத்து வருடங்கள் விட்டுவிட்டோம். அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்டுப் பார்க்காமலே முடிவு செய்தது எங்கள் பிழை.

சாராயத்தைப் பற்றி ஒரு வரி. கண்ணயர அது உதவும். ஆனால், முற்பாதி இரவில் கனவுத் தூக்கத்தை அமுக்கிவைத்து, பிற்பாதியில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும். கனவுக்குப் பயந்து குடிப்பவருக்கு அதைவிடக் கெட்ட வியாபாரம் இல்லை.

கெட்ட கனவுக்குச் சிகிச்சை உண்டு என்பதும் நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒரு முறை இப்படி: திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, எழுதுவது அல்லது சொல்வது. பிறகு அதன் முடிவை நாமே மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாரி கிராக்கோவ் என்ற மருத்துவர் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களிடம் செய்த சோதனை 2001இல் வெளியானது. கெட்ட கனவுகள் குறைந்திருந்தன. 'பிராசோசின்' என்ற இரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. அமெரிக்க முன்னாள் படையினரிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் அது வெறும் மாத்திரையை விடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. ஆகவே, பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் கேளுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

கத்துபவரை எப்படி எழுப்புவது என்பதை அம்மா தானாகவே கண்டுபிடித்திருந்தார். தொடக்கூடாது, உலுக்கக்கூடாது. கை எட்டாத தூரத்தில் நின்று, இலேசான வெளிச்சம் போட்டு, இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். வைத்தியரும் அதையேதான் சொன்னார்.

சட்டம் என்ன சொல்கிறது

'தனியப் படுத்தா வீடு ரெண்டாப் போயிடும்' என்ற பயத்துக்குச் சட்டத்திலும் ஒரு வேர் இருக்கிறது. நமது பொதுச் சட்டத்தில் கலந்திருக்கும் உரோம-டச்சுச் சட்டம், பிரிந்து வாழும் தம்பதியரை 'அ மென்சா எட் தோரோ' பிரிந்தவர்கள் என்கிறது. இலத்தீனில் 'மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்' என்று பொருள். குடியியல் நடைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவு, அப்படி ஏழு வருடங்கள் பிரிந்திருந்தால் விவாகரத்துக் கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம் என்கிறது. ஆனால், வெறும் பிரிவு மட்டும் போதாது, விபசாரம், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல் போன்ற குற்றம் ஒன்று காட்டப்பட வேண்டும் என்று தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் 1986இல் தீர்ப்பானது. கைவிட்டுச் செல்லல் என்றாலும் திருமணத்தை முடித்துக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும். நித்திரைக்காக இருவரும் பேசி வேறு அறையில் படுப்பது அதில் அடங்காது. மேசை இன்னும் ஒன்றாகத்தானே இருக்கிறது.

சட்டத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. தண்டனைச் சட்டக் கோவையின் 363ஆம் பிரிவின்படி, மனைவியின் விருப்பமில்லாமல் கணவன் உறவு கொள்வது குற்றமாவது நீதிமன்றம் மூலம் இருவரும் பிரிந்திருந்தால் மட்டுமே. ஒரே வீட்டில் வேறு அறையில் படுக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு சட்டத்தின் பார்வையில் கதவே அல்ல. தனியறை கேட்கும் எல்லாப் பெண்களும் குறட்டைக்காகக் கேட்பதில்லை. குடித்துவிட்டு வருபவரிடமிருந்தும் அடிப்பவரிடமிருந்தும் தள்ளிப் படுக்கப் பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொள்ளும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெற வழியுண்டு. மகளிர் உதவி இலக்கம் 1938. அதைத் தூக்கப் பிரச்சினை என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன்.

ஆகவே, ஒரு வீட்டில் இரண்டு பாய் விரிந்திருப்பதைப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. பேசி எடுத்த முடிவா, பேசாமலே விழுந்த இடைவெளியா, பயமா? உறவின் நெருக்கம் குறையாதா என்று என் கணவர் அம்மாவிடம் கேட்கத் துணியவில்லை, என்னிடம் கேட்டார். நான் அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "பத்து மணி வரைக்கும் அவற்ற கட்டில்லதான் இருந்து கதைப்பன். நித்திரைக்குத்தான் இஞ்சால வாறனான். உனக்கு ஏன் உந்தக் கதை?" என்றார்.

ரிவர்ஸ்டனில் இரண்டாம் நாள் பிட்டவல பத்தன புல்வெளிக்குப் போனோம். காற்றில் நிற்க முடியாமல் அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றிரவு அவர் கத்தவில்லை. அதற்கு எந்தக் காரணமும் நான் சொல்லப்போவதில்லை; அப்படிப்பட்ட இரவுகளும் வரும்.

சென்ற மாதம் சின்னம்மா கனடாவிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. நான் வீட்டில்தான் நின்றேன். அம்மா வழக்கம்போல எழும்பி, தன் அறையிலிருந்த தலையணையையும் போர்வையையும் கையில் எடுத்தார். விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"அது அங்கயே கிடக்கட்டும். அவ வந்தா அவவுக்குத் தம்பியின்ர கட்டிலை இழுத்துப் போடுவம்."